படிக்கிணற்றை அடைத்தோம்

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து வேட்டி நெய்துகொண்டிருந்தேன். அதோடு, எங்கள் தெரு வாலிபர் சங்கத்துக்குக் காரியதரிசியும் நான்தான். காரியதரிசி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு பாயைச் சுருட்டி வைக்கிறவனுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர்.

சங்கம் ஆரம்பித்த புதிதில் மாரியம்மன் கோயில் மண்டபம் கொள்ளாமல் ஆள் வந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாசகசாலை வைக்கலாம் என்றான் ஒருவன். நாடகம் போடலாம், ராஜா வேஷம் எனக்கு என்றான் இன்னொருவன். தெருவைக் கூட்டலாம் என்று நான் சொன்னபோது மட்டும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். எனக்குப் பிறவியிலேயே பொறுமை குறைச்சல். இப்படியே போனால் பாய் சுருட்டியே கிழவனாகிவிடுவோம் என்று பயம் வந்துவிட்டது.

அந்த வருஷம் மாசி பங்குனியில் வழக்கம்போல நரம்புச் சிலந்தி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். காலில் கொப்புளம் கிளம்பி நெருப்பு வைத்த மாதிரி எரியும். உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலையை நீட்டும். அதைத் துடைப்பக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கி, சிலருக்கு முட்டியே மடங்காமல் போய்விடும்.

நெசவுக்காரனுக்குக் கையைப் போலவே காலும் மூலதனம். எங்களுடையது குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு நூல் திறக்கும், ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும். காலில் சிலந்தி வந்தவன் குழியில் இறங்க முடியாது. அவன் இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் எங்கள் தெருவில் பாதித் தறிகள் சத்தமில்லாமல் கிடக்கும். அதை யாரும் ஒரு வியாதியாகவே நினைக்கவில்லை. வெயில் வந்தால் வியர்க்கிற மாதிரி, வெயில் வந்தால் சிலந்தி என்று இருந்துவிட்டார்கள்.

தெருவின் கோடி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எனக்கு உறவில்லை, ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். முந்தின வருஷம் அவர் வீட்டுக்காரருக்குச் சிலந்தி பாதியில் அறுந்துபோய்க் கால் விறைத்துவிட்டது. அதுவரை அவர் நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தறிக்குழியில் இறங்கிவிட்டார். பெண்கள் தறியில் உட்காருவது அப்போது எங்கள் தெருவில் வழக்கமில்லை. பேசுகிறவர்கள் பேசினார்கள். பதிலுக்கு அக்காவும் பேசினார். அவர் வாய் நாடாவைவிட வேகம். ஊரில் பெரிய மனிதர்களே அந்த வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப்போடுவார்கள். அந்த வீட்டில் சோறு வேகுமா வேகாதா என்பது அக்காவின் இரண்டு கால்களைப் பொறுத்த விஷயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். நேராக எங்கள் தெருப் படிக்கிணற்றுக்குப் போய் நின்றார். குடத்தோடு படி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டுகொண்டு போகிற பெண்களைப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். சிலந்திப் புண்ணோடு ஒருவர் தண்ணீரில் கால் வைத்தால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கின்றன, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் உடம்புக்குள் புழு வளர்கிறது, ஆகவே படியை அடைத்துவிட்டு மேலேயிருந்து சேந்திக் குடித்தால் சிலந்தி நின்றுவிடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். உள்ளே போன புழு வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்றார். முதலில் சொன்னதை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். பின்னால் சொன்னதைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னதாலோ என்னவோ, ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தெருப் பெரியதனக்காரரிடம் போய் அனுமதி கேட்டோம். அவர் உடனே சரி என்றார். எங்களால் எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையில் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சித்திரைக் கடைசியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் சேறு வாரினோம். எங்களோடு பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவனும் சேர்ந்துகொண்டான். கிறிஸ்தவப் பையன், ஊரார் பாஷையில் வேதக்காரன், என் வயதுதான், சந்தையில் பழக்கம். எங்கள் ஊர்க் கிணறு அவனுக்கு எந்த விதத்திலும் உபயோகமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கரண்டியும் மட்டக்கோலுமாக வந்துவிடுவான்.

சேற்றுக்குள்ளிருந்து உடைந்த குடங்கள், ஒரு தூக்குப் போணி, யாரோ தொலைத்த தண்டை எல்லாம் வந்தன. மூன்று கவையாகப் பிரிந்த கறுத்த மரக்கட்டைகளும் வந்தன. அவை பழைய கம்பங்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் முக்கவை மரத்தில் கம்பம் நடுவோம். பதினைந்து நாள் தினமும் காலையில் பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலம் இளந்தாரிகள் அதைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி, பூசாரி தோளில் வைத்து, மேளத்தோடு கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீரில் விட்டுவிடுவார். கூடவே தெரு ஆண்கள் பாதிப் பேர் இடுப்புத் தண்ணீரில் இறங்குவார்கள். அந்தக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பக்தியோடு வேப்பமரத்தடியில் வைத்தோமே, படியை அடைத்துவிட்டால் அடுத்த கம்பம் எந்த வழியாக இறங்கும் என்று அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மழைக்கு முன்னால் சுவரை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே வேகம்.

சுவரை முடித்தோம். கல் தூண் நட்டு உருளை மாட்டினோம். கைப்பிடிச் சுவரில் கொத்தனார் தன் கையால் வழவழப்பாகப் பூசிக் கொடுத்தான். முதல் குடம் தண்ணீர் சேந்தியபோது கூட்டமாகக் கைதட்டினோம். அன்றைக்கு இருந்த பெருமையில் எனக்கு ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. பிறகு பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்கள். அதுவும் படி வைத்த கிணறுதான். இத்தனை பாடுபட்டுக் கட்டிக் கொடுத்தும் இப்படியா என்று எனக்கு ஆத்திரம். கோடி வீட்டு அக்கா குடத்தோடு போனபோது வழியிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். தேங்காய்நார்க் கயிறு இழுத்து இழுத்துத் தோல் வெடித்து, சிம்பு சிம்பாக நின்றது. இடுப்பில் செருகியிருந்த நூல் கண்டிலிருந்து ஓர் இழையை எடுத்து அந்தக் கைமேல் ஓட்டிக் காட்டினார். நூல் மாட்டிக்கொண்டு பட்டென்று அறுந்தது.

"ஏஞ் சாமி, இந்தக் கையில நூலு நிக்குமா? நீயும் தறியில உக்காருறவந்தானே, நீயே சொல்லு" என்றார்.

என்னத்தைச் சொல்வது? எங்கள் வீட்டில் அம்மாவும் தங்கையும் தார் சுற்றுகிறார்கள். நூல் தொடுகிற விரல் பூப்போல இருக்க வேண்டும் என்று தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பெண்கள் கையில் போய் நார்க்கயிற்றைக் கொடுத்திருக்கிறோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

சங்கத்தைக் கூட்டினேன். பெண்களுக்குக் கை வலித்தால் நாம் சேந்திக் கொடுப்போம், வேறு வழியில்லை என்றேன். அப்போதுதான் எங்கள் வாலிபர்களின் சுயரூபம் தெரிந்தது. ஒருவனுக்குத் தோள் வலி. ஒருவனுக்குச் சேலம் மில்லில் வேலை கிடைத்துவிட்டது. ராஜா வேஷம் கேட்டவன், பொம்பளைக்குத் தண்ணி சேந்துகிற சங்கத்தில் தான் இல்லை என்று சொல்லிப் போயே போய்விட்டான். ஆரம்ப சூரத்தனம் என்பது எங்களுக்காகவே ஏற்பட்ட வார்த்தை. கடைசியில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சினோம்.

தினமும் பொழுது விடியும்போது கிணற்றடியில் நின்று தெருவுக்கே தண்ணீர் சேந்திக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் தறிக்குப் போவோம். "தண்ணிச் சங்கம்" என்று பெயர் வைத்தார்கள். குடத்தை நீட்டிக்கொண்டே, எனக்குப் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேலி செய்வார்கள். குடம் நிறையத் தாமதமானால் திட்டுவார்கள். கோடி வீட்டு அக்கா கேலியும் செய்ய மாட்டார், நன்றியும் சொல்ல மாட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடத்தை வைப்பார்; நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். ஐப்பசி மழையில் நனைந்து, மார்கழிப் பனியில் நடுங்கி, கை காய்த்துப் போய், நான் நெய்கிற வேட்டியிலேயே இழை அறுந்தது. அப்பா தன் தறியிலிருந்து எழுந்து வந்து முடிந்து கொடுத்தார். போகட்டும், மாசி வந்தால் எல்லோரும் தெரிந்துகொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாசி வந்தது. சிலந்தியும் வந்தது.

முந்தின வருஷத்துக்கு ஒரு கால்கூடக் குறையவில்லை. முதலில் பூசாரிக்கு, பிறகு பெரியதனக்காரர் மகனுக்கு, அப்புறம் வீட்டுக்கு ஒருவராக. பங்குனி பிறந்தபோது என் வலது கணுக்காலிலேயே கொப்புளம் கிளம்பியது. சங்கத்துக் காரியதரிசிக்கே சிலந்தி என்றதும் ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, புண்ணின் எரிச்சல் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. எருக்கிலையைக் கட்டிக்கொண்டு, குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். வெட்கமும் கோபமும் மாறி மாறி வந்தன.

சிரிப்பு சீக்கிரமே வேறு பேச்சாக மாறியது. காலங்காலமாகக் கம்பம் இறங்குகிற படியை அடைத்ததால் ஆத்தாவுக்குக் கோபம் என்றார்கள். வேதக்காரன் கை வைத்துக் கட்டிய சுவர், விளங்குமா என்றார்கள். அது கொத்தனாருக்கும் எட்டியிருக்கும். அவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் போய், அந்தச் சுகாதார அதிகாரியைத் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டுத் திரும்பினான். என் கட்டிலோரம் உட்கார்ந்து, போன வருஷம் குடித்த புழுதான் இந்த வருஷம் வந்திருக்கிறதாம், சுவரின் பலன் அடுத்த பங்குனியில்தான் தெரியுமாம், நடுவில் ஒரு தடவை புண்காலோடு யாராவது தண்ணீரில் இறங்கிவிட்டால் எல்லாம் பாழாம் என்றான்.

வெற்றிலை போட்டுக்கொண்டே அதிகாரி சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வருஷம் முழுக்க நாங்கள் சேந்தியது வீணில்லை என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டு நாளாகிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் அது கிணற்றுக்கு வர வேண்டும். சுவரை இடித்துவிட்டுப் பழையபடி படி வழியாக இறங்குவது என்று பெரியதனக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். திருவிழா முடிந்ததும் வேண்டுமானால் திரும்பக் கட்டிக்கொள்ளலாமாம். இந்தப் பங்குனியில் தெருவில் பாதிக் கால் புண்கால். அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கினால், அடுத்த பங்குனி எப்படி இருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

கம்பம் பிடுங்குகிற அன்று சாயங்காலம் காலில் குச்சியோடு நொண்டிக்கொண்டே கோயிலுக்குப் போனேன். கொத்தனார் கைத்தாங்கலாகக் கூட வந்து, கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். கடப்பாரையோடு இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். நான் பெரியதனக்காரர் முன்னால் நின்று, அதிகாரி சொன்னதைச் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னேன். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"அடுத்த வருசம் அடுத்த வருசம்னு சொல்றதுக்கு இது என்ன மழையா தம்பி?" என்றார் பெரியதனக்காரர். கூட்டம் சிரித்தது.

வேண்டுமானால் கம்பத்தைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கலாமே என்றேன். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் காலிலும் துணி சுற்றியிருந்தது.

"நாருக் கயித்தக் கட்டி எறக்கறதுக்குக் கம்பம் என்ன கொடமா? மஞ்ச நூலத் தவிர வேற ஒண்ணும் கம்பத்துமேல படக்கூடாது. அதுகூடத் தெரியாம நீயெல்லாம் இந்தத் தெருவுல பொறந்தியா?"

உண்மையில் அது எனக்குத் தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டேன். கடப்பாரைக்காரர்கள் கிளம்பினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கோடி வீட்டு அக்கா முன்னால் வந்தார். இனி நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். இந்தக் கிணற்றால் அவரைப் போல் அவதிப்பட்டவர் தெருவில் வேறு யாரும் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பூசாரியைப் பார்த்து நின்றார். எப்போதும் உச்சத்தில் இருக்கும் குரல் அன்றைக்குத் தணிந்து வந்தது.

"ஒண்ணு கேக்குறனுங்க. கம்பத்துக்கு இத்தன நாளா நாங்க ஊத்துன தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு? படியில எறங்கியா மொண்டாந்தோம்? இந்தப் பசங்க கயித்துல சேந்திக் குடுத்த தண்ணிதானுங்க. அத ஏத்துக்கிட்ட ஆத்தா, கம்பம் கயித்துல எறங்குனா மட்டும் கோவிச்சுக்குவாளா?"

மேளக்காரர் கோலைக் கீழே இறக்கிவிட்டார். அக்கா தொடர்ந்தார்.

"வருசா வருசம் கம்பத்தோட மொத ஆளா எறங்குனது எங்கூட்டுக்காரருங்க. அவரு காலு இன்னிக்கு மடங்க மாட்டீங்குது. இப்பத் தறியில மிதிக்கறது எங்காலு. இந்தப் பையன் சொல்றது நெசமோ பொய்யோ எனக்குத் தெரியாதுங்க. ஆனா நெசமா இருந்து, இதுவும் போச்சுதுன்னா, எங்கூட்டு அடுப்ப யாருங்க பத்த வெப்பாங்க?"

பூசாரி கம்பத்தில் சுற்றியிருந்த மஞ்சள் நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, எல்லாம் சரி, நார்க்கயிறு ஆகாதே என்றார். முன்பு போலக் கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அக்கா விடுவிடென்று தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு கயிறு. வெள்ளைக் கயிறு, கட்டை விரல் பருமன், சுருள் சுருளாக இடுப்புவரை தொங்கியது. தறியில் பாவு தீர்ந்ததும் முழம் இரண்டு முழமாக நூல் துண்டுகள் மிஞ்சும். விளக்குத் திரிக்கும் பொட்டலம் கட்டவும் வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டுகளைச் சேர்த்து முறுக்கி, பின்னித் திரித்த கயிறு அது. தொட்டால் துணிபோல இருந்தது.

"இது நூலுதானுங்களே. மஞ்சத்தண்ணியில நனைச்சாப் போச்சு" என்றார் பூசாரியிடம்.

அப்படி ஒரு கயிற்றை எதற்குத் திரித்தார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது அவரே சொன்னார். அந்த வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது இரண்டாவது தடவை.

"தெனமும் உங்ககிட்ட வந்து கொடத்த நீட்டிக்கிட்டு நிக்கறது எனக்குப் புடிக்கல சாமி. எங்கையாலயே சேந்திக்கலாம்னுதான் கார்த்திகையில இருந்து திரிச்சேன்."

அண்டாவில் மஞ்சள் கரைத்துக் கயிற்றை முக்கி எடுத்தார்கள். கம்பத்தைப் பிடுங்கி மேளத்தோடு கிணற்றுக்குக் கொண்டுபோனார்கள். கல் தூணுக்குப் பக்கத்தில் போனதும் பூசாரி நின்றார். கூட்டத்துக்கு மேலாகப் பார்த்து, கடைசியில் நின்ற கொத்தனாரைக் கையசைத்துக் கூப்பிட்டார். இவ்வளவு பாரம் தாங்குமா என்று கேட்டார்.

"தாங்குமுங்க. நான் நட்ட கல்லுங்க" என்றான் அவன்.

கம்பத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள். பூசாரி கைப்பிடிச் சுவர்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் கயிற்றை விட்டார். பின்னால் பெரியதனக்காரர் பிடித்தார். அவருக்கும் பின்னால், கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வந்த இரண்டு பேர். உருளை கிறீச்சிட்டது. மூன்று கவையும் வேப்பிலையுமாகக் கம்பம் மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு புண்கால்கூடத் தண்ணீரில் படவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலியில் நிற்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு கயிற்றுப் பைத்தியமே பிடித்துவிட்டது. எந்த வீட்டில் பார்த்தாலும் மிச்ச நூலைத் திரித்துக்கொண்டிருந்தார்கள். நூல் கயிறு தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் வீடுதோறும் முறை வைத்துப் புதுக் கயிறு திரித்துக் கொடுத்தார்கள். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் மறுபடி யாரும் போகவில்லை. என் புண் ஆறியதும், வழக்கம்போல விடியலில் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். பெண்கள் தாங்களே சேந்திக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றதும் ஒருத்தி, இங்கே உனக்கு என்ன வேலை, போய்த் தறியைப் பார் என்றாள். நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ ரோஷம் வந்தது. வருஷம் முழுக்க எப்போது விடுதலை என்று ஏங்கியவனுக்கு, விடுதலை கிடைத்தபோது வேலை போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

அடுத்த மாசி பிறந்ததிலிருந்து நான் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் காலை மட்டுமா, தெருவில் போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் பார்த்தேன். இவனுக்கு என்ன, கீழே எதையோ தொலைத்துவிட்டானா என்று கேட்டார்கள். வெளியூரில் பெண் கொடுத்த இடத்திலிருந்து வந்த ஒருவருக்குச் சிலந்தி வந்தது. அவரைத் தவிர யார் பேரும் காதில் விழவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கப் பயம். ஒரு தடவை சூடு பட்ட பூனை நான்.

பங்குனிக் கடைசியில் ஒரு நடுப்பகல். வெளியே அனல். என் தறியில் நாடா மாட்டிக்கொண்டது. எடுப்பதற்காக மிதிப்பதை நிறுத்தினேன். என் தறிச் சத்தம் நின்றதும் தெருவின் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. வெயில் காலத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கோடி வீட்டைத் தேடினேன். அக்கா இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தித்தான் மறுபடி தட்டுவார். தெருவில் வேறு யாரும் அப்படி நெய்வதில்லை. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். அந்தக் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன.

"ஏன் சாமி நிறுத்திட்டே? இழை அறுந்துபோச்சா?" என்றார் அப்பா, தன் தறியிலிருந்தபடியே.

நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வீட்டுக்காரரின் கால் கடைசிவரை மடங்கவில்லை. போனது போனதுதான். அக்கா வெகுகாலம் நெய்தார். எனக்கு அவர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. குடம் நிறையத் தாமதமான பழைய கணக்கை மட்டும் என் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டினார். பின்னாளில் எங்கள் தெருவில் எத்தனையோ சங்கங்கள் வந்தன, போயின. பொதுக் காரியத்தில் இறங்கிய பிள்ளைகள், ஊர் நன்றி கெட்டது என்று சலித்துக்கொண்டு என்னிடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பங்குனி நடுப்பகல்தான் ஞாபகத்துக்கு வரும்: ஊர் அன்றைக்கு எனக்கு நன்றி சொல்லவில்லை, நெய்துகொண்டிருந்தது, அந்தச் சத்தம் எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.